டாஸுக்கு ஒரு பல்பணி வாரிசு: எழுதுவதில் சிக்கல் எங்கே இருக்கிறது?

2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான எம்எஸ்-டாஸ் 4.00இன் மூல நிரலை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. பெயர் அதே ‘டாஸ் 4’தான், ஆனால் ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டக்கூடிய டாஸ். லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில், பின்னாளில் மைக்ரோசாஃப்டில் உயர்பதவி வகித்த ரே ஓஸிக்கு வந்து, அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய ஃபிளாப்பிகளில் கிடைத்த சோதனைப் பதிப்பு அது.

குழப்பம் இங்கேதான் தொடங்கியது. 1988இல் கடைக்கு வந்த டாஸ் 4 ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். மற்றது 1986 வாக்கில் ஐரோப்பாவில் சில கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. எண் ஒன்று, ஆனால் மென்பொருள்கள் இரண்டு.

சரி, அப்படியொரு டாஸ் இருந்தது என்றால் அது ஏன் பரவவில்லை? இன்றைக்கு யாராவது உட்கார்ந்து டாஸுக்குச் சின்னதாக ஒரு பல்பணி வாரிசு எழுதப் போனால் எங்கே மாட்டுவார்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அங்கே போவதற்கு முன் அடிப்படை கொஞ்சம் தேவை.

## டாஸ் என்பது எவ்வளவு சிறியது

1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியதுதான் டாஸின் ஆதி வடிவம். அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் அது ஏறியது. அந்த பிசியின் 8088 சிப் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மிகக் குறைந்த விலை மாடலில் மெமரி 16 கிலோபைட்.

அந்த அளவுள்ள மெஷினில் ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்பதற்கு இன்றைய பொருள் கிடையாது. டாஸ் உண்மையில் ஒரு சேவைத் தொகுப்பு: ஃபைலைத் திற, படி, எழுது, ஒரு எழுத்தைத் திரையில் காட்டு. புரோகிராம் 21எச் என்ற இண்டரப்ட்டை அழைத்தால் டாஸ் அந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும். இண்டரப்ட் என்றால், ‘கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு இதைக் கவனி’ என்று சிப்புக்கு வரும் அழைப்பு. அழைக்காத நேரத்தில் டாஸ் சும்மா கிடக்கும். மேற்பார்வை, காவல் எதுவும் கிடையாது.

தனி வீட்டில் குடியிருப்பவரிடம் கிணற்றடி யாருக்கு எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை. டாஸ் புரோகிராம்கள் அப்படித் தனி வீட்டில் வளர்ந்தவை. பல்பணி என்பது அவற்றை ஒண்டுக் குடித்தனத்துக்குக் கொண்டுவருவது.

## மாற்றிவிடுவது சுலபம்

ஒரே சிப் ஒரு நொடியில் பல தடவை ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், இரண்டும் சேர்ந்து ஓடுவதுபோல் தோன்றும். அதுதான் பல்பணி, மல்டிடாஸ்கிங். இதில் இரண்டு வகை உண்டு.

1. கூட்டுறவு முறை: ஓடும் புரோகிராம் தானாக ‘என் முறை முடிந்தது’ என்று விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும். ஒன்று விட்டுக்கொடுக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.
2. பறிப்பு முறை: டைமர் அடித்ததும் கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, குறுக்கே வந்து சிப்பைப் பறித்து அடுத்த புரோகிராமிடம் கொடுத்துவிடும். கேட்டெல்லாம் வாங்காது.

பிசியில் டைமர் பிறவியிலேயே இருக்கிறது. நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும் கடிகாரத்தை 65,536ஆல் வகுத்து, நொடிக்குச் சுமார் 18.2 முறை அது இண்டரப்ட் அனுப்பும். அந்த இண்டரப்ட்டை நாம் பிடித்துக்கொண்டால் போதும். 8086 சிப்பின் (பிசியின் 8088 இதே குடும்பம், புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான்) மொத்த நிலையும் 14 ரெஜிஸ்டர்களில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவிடங்களில், இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 பைட், மொத்தம் 28 பைட். அவற்றில் மூன்றை இண்டரப்ட் வரும்போது சிப்பே ஸ்டாக்கில் (திரும்பி வர வேண்டிய விவரங்களை அடுக்கிவைக்கும் மெமரிப் பகுதி) எடுத்து வைத்துவிடும். மிச்சத்தை நாம் வைத்துவிட்டு, ஸ்டாக் எங்கே என்று சொல்லும் ரெஜிஸ்டர்களை மட்டும் அடுத்த புரோகிராமுடையதாக மாற்றி, அங்கே சேமித்திருந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினால் வேலை முடிந்தது.

சிப்பின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளி மொழியில் இது ஒரு பக்கம்கூட வராது. ‘டாஸுக்கு மல்டிடாஸ்கிங் எழுதிவிட்டேன்’ என்று ஆரம்பிக்கும் முயற்சிகள் பலவும் இந்த ஒரு பக்கத்தை எழுதி, திரையின் இரண்டு மூலைகளில் இரண்டு எண்கள் ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் கட்டத்தில் இருப்பவை. அதுவரை சரிதான். அந்த இரண்டு புரோகிராம்களும் ஃபைல் ஒன்றைத் திறக்காதவரை.

## உதைக்கும் இடங்கள்

1. டாஸுக்குள் ஒரே நேரத்தில் இருவர் நுழைய முடியாது.

இதுதான் தலையாய சிக்கல், நிதானமாகப் பார்க்கலாம். ஃபைல் சேவை கேட்டு ஒரு புரோகிராம் அழைத்ததும், டாஸ் அந்தப் புரோகிராமின் ஸ்டாக்கை விட்டுவிட்டுத் தன் சொந்த ஸ்டாக்குக்கு மாறிக்கொள்கிறது. ஃபைல் வேலைகளுக்கு அந்த ஸ்டாக் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு அழைப்பிலும் அதன் உச்சியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

‘அ’ என்ற புரோகிராம் ஒரு ஃபைலில் எழுதச் சொல்லிவிட்டது. டாஸ் உள்ளே நாலைந்து துணைநிரல்கள் ஆழம் போயிருக்கிறது. எங்கெங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரிகளெல்லாம் அந்த ஸ்டாக்கில் அடுக்காக இருக்கின்றன. அந்தச் சமயம் டைமர் அடிக்கிறது. நம் ஒரு பக்க நிரல் ‘ஆ’வுக்குத் தாவுகிறது. ‘ஆ’ ஒரு ஃபைலைப் படிக்கச் சொல்கிறது. டாஸ் வழக்கம்போல அதே ஸ்டாக்கின் உச்சிக்குப் போய், ‘அ’வின் முகவரிகள் மேலேயே எழுதிக்கொண்டு வருகிறது. ‘ஆ’வின் வேலை ஒழுங்காக முடிகிறது. அடுத்த முறை ‘அ’வுக்கு வரும்போது, திரும்பவேண்டிய முகவரி இருந்த இடத்தில் ஏதோ ஒரு எண். சிப் அந்த எண்ணையே முகவரியாக நம்பி அங்கே குதிக்கும். திரை உறையும். அதுவும் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும்போது.

இன்னொன்று சத்தமில்லாமல் கெடுப்பது. டாஸ் ‘இப்போது ஓடும் புரோகிராம் யார்’ என்பதை ஒரே ஒரு இடத்தில் குறித்துவைக்கிறது. திறந்த ஃபைல்களுக்கு அது கொடுக்கும் எண்கள் அந்தப் புரோகிராமுக்குள் மட்டும்தான் செல்லும். 0 முதல் 4 வரை கீபோர்டு, திரை, பிரிண்டர் போன்றவற்றுக்குப் போய்விடுவதால், எந்தப் புரோகிராமும் திறக்கும் முதல் ஃபைலின் எண் பொதுவாக 5. ஆகவே ‘அ’விடமும் ஒரு 5, ‘ஆ’விடமும் ஒரு 5. நாம் சிப்பை மட்டும் மாற்றிவிட்டு அந்தக் குறிப்பை மாற்ற மறந்தால், ‘ஆ’ தன்னுடைய 5ஐ மூடும்போது மூடுவது ‘அ’வின் ஃபைலை.

டாஸை எழுதியவர்களுக்கும் இது தெரியும். ‘நான் உள்ளே இருக்கிறேன்’ என்று காட்டும் ஒரு பைட் கொடி டாஸுக்குள் உண்டு. பிரிண்ட் கட்டளை பின்னணியில் அச்சடித்ததும், மெமரியில் தங்கியிருந்து ஒரு பட்டனில் எழுந்துவரும் சின்னப் புரோகிராம்கள் பிழைத்ததும் அந்தக் கொடியைப் பார்த்துப் பார்த்துத்தான். கொடி ஏறியிருந்தால் காத்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபிளாப்பியில் ஒருவர் பெரிய ஃபைல் எழுதும்போதெல்லாம் மற்ற எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும்.

2. திரை யாருடையது?

டாஸ் வழியாகத் திரையில் எழுதுவது மந்தம். அதனால் பெரிய புரோகிராம்கள் டாஸைச் சட்டைசெய்யாமல் நேராகத் திரை மெமரியிலேயே எழுதின. 80 எழுத்து, 25 வரி. எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். மொத்தம் 4,000 பைட். பின்னணிக்குத் தள்ளிய புரோகிராம் தான் பின்னணியில் இருப்பதே தெரியாமல், முன்னால் நிற்பவரின் திரையிலேயே கிறுக்கிக்கொண்டிருக்கும்.

3. மெமரி முழுக்க எனக்கே.

8086 காட்டக்கூடிய 1 மெகாபைட் முகவரியில் மேலேயுள்ள 384 கிலோபைட் திரைக்கும், படிக்க மட்டுமே முடிகிற ரோம் (ROM) மெமரிக்கும் ஒதுக்கப்பட்டது. மிச்சம் அந்தப் புகழ்பெற்ற 640. ‘.காம்’ வகைப் புரோகிராம் ஒன்றை ஏற்றும்போது டாஸ் காலியாயிருக்கும் மெமரி முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிடும். யாரும் யாருடைய மெமரியிலும் எழுதலாம். தடுக்க 8086இல் வழியே இல்லை.

4. சும்மா இருக்கத் தெரியாது.

பட்டனை அழுத்துவார்களா என்று காத்திருக்கும் புரோகிராம், ‘அழுத்தினார்களா, அழுத்தினார்களா’ என்று சிப்பின் முழு வேகத்தில் கேட்டுக்கொண்டே சுற்றும். வெறுமனே திறந்துவைத்த எடிட்டர் பாதி சிப்பைத் தின்றுவிடும். பிற்காலத்தில் ‘என் முறையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று சொல்ல 2எஃப்எச் இண்டரப்ட்டில் ஒரு வழி வந்தது. பழைய புரோகிராம்களுக்கு அது தெரியாது.

## சிப் செய்த உபகாரமும் உபத்திரவமும்

மேலே சொன்ன நான்கையும் மென்பொருளால் மட்டும் சமாளிக்க முடியுமா? பல்பணி டாஸ் 4 அதைத்தான் செய்து பார்த்தது. பின்னணியில் ஓட வேண்டிய புரோகிராம்கள் அதற்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாதாரண டாஸ் புரோகிராம் முன்னணியில் மட்டுமே ஓடும். அதாவது ஜனங்களிடம் இருந்த புரோகிராம்களுக்குப் பல்பணியால் பெரிய லாபமில்லை. லாபம் உள்ள புரோகிராம்களை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும். அது பரவாமல் போனதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இது.

டாஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டமான சிபி/எம்மிலும் கதை இப்படித்தான். அதை உருவாக்கிய கேரி கில்டாலின் நிறுவனம் 1979இலேயே எம்பி/எம் என்று பலர் பயன்படுத்தும் வாரிசைக் கொண்டுவந்துவிட்டது. பல்பணி என்ற யோசனை பிசிக்கு முன்பே இருந்தது. இல்லாதது, புரோகிராம்களைத் தனித்தனி அறையில் பூட்டிவைக்கும் சிப்.

1982இல் வந்த 80286 பாதி வழி வந்தது. அதில் ‘பாதுகாப்பு முறை’ உண்டு: ஒருவர் மெமரியில் மற்றவர் கைவைக்க முடியாது, 16 மெகாபைட் வரை எட்டும். ஆனால் பழைய டாஸ் புரோகிராம்கள் அந்த முறையில் ஓடாது. அவற்றுக்காகப் பழைய முறைக்குத் திரும்பலாம் என்றால், 286இல் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. ரீசெட் செய்தால்தான் உண்டு.

அதனால் 286 சிப் வைத்த பிசியான ஐபிஎம் ஏடியில் ஒரு வித்தை செய்தார்கள். கீபோர்டைக் கவனிக்கும் குட்டி சிப்பிலிருந்து 286இன் ரீசெட் காலுக்கு ஒரு கம்பி போகிறது. திரும்ப வேண்டும் என்று நினைக்கும் புரோகிராம், பேட்டரியில் வாழும் சிமாஸ் மெமரியில் ஒரு குறியீட்டை எழுதிவிட்டு, கீபோர்டு சிப்பிடம் ‘பெரியவரை ரீசெட் செய்’ என்று சொல்லும். சிப் செத்துப் பிழைக்கும். பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், ரோமில் இருக்கும் நிரல்) எழுந்து சிமாஸைப் பார்த்து, ‘இது உண்மையான ரீசெட் அல்ல’ என்று புரிந்துகொண்டு, விட்ட இடத்துக்குத் தாவும். இதை நொடிக்குப் பலமுறை செய்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் நடத்த வேண்டும்!

டாஸுக்கு வாரிசாக மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து எழுதி 1987 டிசம்பரில் வந்த ஓஎஸ்/2 1.0 இந்த 286ஐ நம்பித்தான் கட்டப்பட்டது. புதிதாக எழுதிய புரோகிராம்களுக்கு நல்ல பறிப்புப் பல்பணி. பழைய டாஸுக்கு ஒரே ஒரு பெட்டி, அதுவும் பின்னணிக்குப் போனால் உறைந்து நிற்கும். விண்டோஸ்/386 அதே ஆண்டு, டெஸ்க்வியூ அதற்கும் முன்பே, பல டாஸ் புரோகிராம்களை ஒன்றாக ஓட்டும் பாதையில் இறங்கியிருந்தன.

பூட்டைத் திறந்தது 1985இல் வந்த 80386. அதில் ‘மெய்நிகர் 8086’ என்று ஒரு முறை. ஒவ்வொரு டாஸ் புரோகிராமும் தனக்கென்று ஒரு முழு 8086 மெஷின் இருப்பதாக நம்பும்; அதன் 1 மெகாபைட் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்துக் கர்னல் முடிவுசெய்யும். திரை மெமரியில் எழுதினால்கூட அது போய்ச் சேரும் இடத்தை மாற்றிவிடலாம். தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஒண்டுக் குடித்தனத்தில் வாழலாம்.

## இன்றைக்கு ஒருவர் கட்டினால்

இதிலிருந்து என் முடிவு ஒன்றுதான்: டாஸைப் பழுதுபார்த்துப் பல்பணிக்குக் கொண்டுவரக் கூடாது. அதன் அடியில் ஒரு சின்னக் கர்னலை வைத்து, டாஸை அதன் மேல் குடியிருப்பவராக ஆக்க வேண்டும். 8086இலும் ஓட வேண்டும் என்ற ஆசையை முதல் நாளே விட்டுவிட வேண்டும். அப்புறம் எடுக்க வேண்டிய முடிவுகள்:

1. ஆளுக்கு ஒரு டாஸா, எல்லோருக்கும் ஒரே டாஸா? ஒரே டாஸைப் பகிர்ந்தால் மெமரி மிச்சம். ஆனால் அந்த ஒற்றை ஸ்டாக் சிக்கல் திரும்ப வரும், வாசலில் வரிசை நிற்கும். விண்டோஸ் 3 காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் நெரிசல் தீரும். பதிலுக்கு ஒரே டிஸ்கில் பல டாஸ்கள் எழுதும். டிஸ்கில் எந்த இடம் எந்த ஃபைலுக்கு என்று குறித்துவைக்கும் ஃபேட் அட்டவணையில் காலியாயிருக்கும் ஒரே இடத்தை இரண்டு டாஸ்கள் இரண்டு ஃபைலுக்கு ஒதுக்கிவிட்டால் இரண்டு ஃபைலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆகவே மூன்றாவது வழி: 21எச் அழைப்புகளில் ஃபைல் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் கர்னல் வழிமறித்துத் தானே செய்வது. ஒரு டிஸ்கைத் தொடுவது ஒரே ஒருவர். இந்தப் பகுதிதான் வேலையில் பெரும்பங்கு. ஒரு பக்க நிரலில் முடிந்த பல்பணி, இங்கே மாதக்கணக்கில் நிற்கும்.

2. ‘சின்னது’ என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டாஸ் குடித்தனத்துக்கு 640 கிலோபைட். மேலேயுள்ள பயாஸ் பகுதியைப் பிரதி எடுக்க வேண்டாம், எல்லோரும் அதையே பார்க்கலாம். எழுத்துத் திரைக்கு 4 கிலோபைட்டுக்குள். பக்க அட்டவணைகளுக்கு 8. தோராயமாக 655 என்று வையுங்கள். 8 மெகாபைட் மெஷினில் கர்னலுக்கு 1 மெகாபைட் ஒதுக்கினாலும் பத்துக் குடித்தனம் தாராளமாக அடங்கும். படம் காட்டும் புரோகிராம் என்றால் கதை வேறு. விஜிஏ என்ற படத்திரை அட்டையின் மெமரியே 256 கிலோபைட்.

3. போர்ட்டுகள். சிப் வெளி உலகத்தோடு பேசும் 65,536 வாசல்களுக்கும் ஆளுக்கு ஒரு பிட் வீதம் 8 கிலோபைட்டில் ஒரு பட்டியல் வைக்கலாம். எந்த வாசலைத் தொட்டால் கர்னலுக்குத் தகவல் வர வேண்டும் என்பதை அது சொல்லும். டைமர், இண்டரப்ட் கட்டுப்பாடு, டிஎம்ஏ (சிப்பைத் தொடாமல் மெமரிக்குத் தரவை நகர்த்தும் வசதி) ஆகியவற்றைப் பொய்யாக நடித்துக் காட்டியே ஆக வேண்டும்.

4. எதைச் சேர்க்கக் கூடாது? பயனர் கணக்கு, டிஸ்கில் மெமரியைக் கொட்டுவது, ஜன்னல்கள். ஓஎஸ்/2 கனத்தது இதுபோன்ற நல்ல எண்ணங்களால்தான்.

5. சும்மா சுற்றும் புரோகிராம். ஒரே நேரத்துண்டுக்குள் ‘பட்டன் உண்டா’ என்று பலமுறை கேட்டு ‘இல்லை’ என்றே பதில் வாங்கினால், அதன் முறையை அங்கேயே முடித்துவிடலாம். அற்பமான வித்தைதான், ஆனால் மடிக்கணினியின் மின்விசிறி அடங்குவது இதில்தான்.

## எந்த மெஷினில் ஓடும்?

இங்கே ஒரு கசப்பு இருக்கிறது. இன்றைய சிப்புகள் 64-பிட் முறைக்குள் போய்விட்டால் மெய்நிகர் 8086 கிடையாது. 64-பிட் விண்டோஸில் பழைய டாஸ் புரோகிராம் ஓடாததற்கு இதுவே முக்கியக் காரணம். 32-பிட்டிலேயே நிற்கலாம் என்றால், புதிய மெஷின்களில் பயாஸே இல்லை, அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டும். 2020க்குள் பழைய பயாஸ் ஆதரவை நிறுத்தப்போவதாக இன்டெல் 2017இலேயே சொல்லிவிட்டது. டாஸோ டிஸ்க், கீபோர்டு, திரை என்று எதற்கும் பயாஸையே நம்பி வாழ்வது.

1994 ஜூனில் ஜிம் ஹால் அறிவித்து இன்றுவரை வளரும், டாஸின் இலவச மாற்றான ஃப்ரீடாஸ் ஒற்றைப் பணியிலேயே நிற்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அது சோம்பல் அல்ல. பழைய புரோகிராம் ஒன்றுவிடாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. நம் வாரிசுக்கு மிஞ்சும் களம் இரண்டு: 386 முதல் பயாஸ் உள்ள பழைய மெஷின்கள், அல்லது மெய்நிகர் மெஷினுக்குள்.

எதில் ஓட்டினாலும் முதல் சோதனை மூன்றே பைட். பதினாறடிமானத்தில் எஃப்ஏ, ஈபி, எஃப்ஈ. முதல் பைட் ‘இண்டரப்ட் எதுவும் வேண்டாம்’ என்று சிப்பின் காதைப் பொத்துகிறது. அடுத்த இரண்டும் ‘இதே இடத்துக்குத் தாவு’ என்று முடிவில்லாமல் சுற்றவிடுகின்றன. நிஜ டாஸில் இதை ஓட்டினால் கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டும் கேட்காது, பவர் சுவிட்சுதான். நம் கர்னலில் முதல் பைட்டிலேயே சிப் கர்னலிடம் வந்து நிற்க வேண்டும். கர்னல் அந்தக் குடித்தனத்தின் காதை மட்டும் பொத்திவிட்டு, மெய்யான டைமரைத் தொடாமல் விட வேண்டும். ஒரு குடித்தனத்தில் இந்த மூன்று பைட்டையும் ஓடவிட்டு, பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள். காப்பி முடிந்து பிராம்ப்ட் வந்தால், அடுத்த வேலைக்குப் போகலாம்.